பையன்கள் சொல்லாமல் வைத்திருக்கும் வலிகள்

பதின்வயதுப் பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வயதில் வந்து சேர்கிறார்கள். குரல் உடைந்து, மீசை அரும்பி, கல்லூரி முடிக்கும்வரைகூடச் சிலர் தொடர்ந்து வருகிறார்கள். அவர்கள் உடம்பு மாறுவதை வீட்டில் இருப்பவர்களைவிடச் சில சமயம் நான்தான் அதிகம் பார்க்கிறேன்.

இத்தனை வருடங்களில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. இந்த வயதுப் பையன்கள் பயப்படத் தேவையே இல்லாதவற்றுக்கு ராத்திரி தூங்காமல் பயப்படுகிறார்கள். உடனே ஓடிவந்து சொல்ல வேண்டியதை மூடி மறைக்கிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறியதற்குக் கவலை, மார்பு லேசாகப் புடைத்ததற்குக் கவலை, உறுப்பின் அளவைப் பற்றிக் கவலை. ஆனால் ஆணுறுப்புக்குக் கீழே பைக்குள் இருக்கும் விதையில் திடீரென்று வலி, ஓடும்போது மயக்கம், வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடப்பது, இவற்றை யாரிடமும் வாய் திறந்து சொல்வதில்லை. எது காத்திருக்கலாம், எது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் தலைகீழ்.

நான் மருத்துவர் இல்லை. முதலுதவி வகுப்புகளிலும், அணியைப் பார்க்க வந்த மருத்துவர்களிடமும், பையன்களோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நேரங்களிலும் கற்றதை இங்கே சொல்கிறேன். பையன்களும் படிக்கட்டும், பெற்றோரும் படிக்கட்டும்.

மணிக்கணக்கில் முடிவாகிவிடும் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு பயிற்சி முகாமில், இன்னும் விடியாத நேரத்தில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என் அறைக் கதவைத் தட்டினான். "சார், வயிறு வலிக்குது" என்றான். முகம் வெளுத்திருந்தது. ஒரு முறை வாந்தியும் எடுத்திருக்கிறான். கை அடிவயிற்றில் இருந்தது, ஆனால் கால்களை அகட்டி, லேசாகக் குனிந்து நின்றான். வயிற்று வலிக்காரர்கள் அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை. "கீழேயும் வலிக்குதாப்பா? விதையில வலி இருக்கா?" என்று நேராகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா சார், அங்கதான் ஆரம்பிச்சுது. தூக்கத்துலயே வலி வந்து முழிச்சுட்டேன்" என்றான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படுக்கையில் புரண்டுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறான்.

உடனே வண்டியை எடுத்தோம். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் "வயிற்று வலி" என்று சொல்லவில்லை. "விதையில் திடீர் வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வாந்தி எடுத்தான், முறுக்கிக்கொண்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால் வரிசையில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து பார்த்தார், அன்று காலையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது, விதை பிழைத்தது. கொஞ்ச நாளில் பையன் மைதானத்துக்குத் திரும்பிவிட்டான்.

நடந்தது இதுதான். விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒரு தண்டு வழியாகக் கீழே இறங்குகின்றன. சில பையன்களுக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாகப் பிடிப்பில்லாமல் தொங்கும். அது திரும்பும்போது அந்தத் தண்டும் முறுக்கிக்கொள்கிறது, ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. மருத்துவர்கள் இதை டெஸ்டிகுலர் டார்ஷன் என்பார்கள். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம். அடிபட்டிருக்க வேண்டும் என்று இல்லை, ஓடியிருக்க வேண்டும் என்றும் இல்லை, தூக்கத்தில்கூட வரும். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் ஆகிவிட்டால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 24 மணி நேரம் தாண்டினால் காப்பாற்றுவது அபூர்வம். அறுவை சிகிச்சையில் முறுக்கை எடுத்துவிட்டு, மறுபடி திரும்பாதபடி விதையைத் தைத்து நிறுத்துவார்கள். மறுபக்க விதைக்கும் அதே அமைப்பு இருக்க வாய்ப்பிருப்பதால் அதையும் சேர்த்தே தைத்துவிடுவார்கள்.

பக்கத்து அணியில் விளையாடிய இன்னொரு பையனுக்கு இப்படி அமையவில்லை. பந்து பட்டிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். அவன் அப்பா என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "பக்கத்து அறைலதான் சார் நாங்க இருந்தோம்" என்றார். ஒரு விதையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியமான ஒரு விதை இருந்தால் ஹார்மோனுக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் பொதுவாக அதுவே போதும். அவன் இப்போதும் விளையாடுகிறான், நன்றாகவே விளையாடுகிறான்.

இதில் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. பையன் அடிவயிற்று வலி என்று சொன்னால், கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள், அவனாகச் சொல்ல மாட்டான். வலி மாத்திரை கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் போகும் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தர வேண்டாம். அப்புறம், சுரீரென்று வந்து கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விடும் வலியும் உண்டு. முறுக்கிக்கொண்டு, தானே பிரிந்துவிடும். வலி போய்விட்டதே என்று விட்டுவிடக் கூடாது, அடுத்த முறை பிரியாமல் போகலாம். அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலியே இல்லாத ஒரு சங்கதியும் உண்டு. விதையில் கெட்டியாக ஒரு கட்டி, அல்லது ஒரு பக்கம் மட்டும் கனமாகத் தோன்றுவது. வலிக்கவில்லை என்பதாலேயே பையன்கள் அதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகத்தான் தொடங்கும். மற்றப் புற்றுநோய்கள் வயதானவர்களைத் தேடும்போது, இது 15 வயது முதல் முப்பதுகளின் நடுவரை உள்ள ஆண்களைத் தேடிவருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், மிக நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. பரவுவதற்கு முன் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கிறார்கள்.

பையன்களிடம் இதைச் சொல்லும்போது நான் கால்பந்துக்காரர்களைத்தான் உதாரணம் காட்டுவேன். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லிகாவில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு பேருக்கு விதையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. டிமோ பௌம்கார்ட்டல், மார்கோ ரிக்டர், செபாஸ்டியன் ஹாலர், ஜான்-பால் போஎட்டியஸ். நான்கு பேருமே திரும்பி வந்து விளையாடினார்கள். ஹாலருக்கு இரண்டு அறுவை சிகிச்சைகளும் கீமோதெரபியும் தேவைப்பட்டன. 2023 ஜனவரியில் மைதானத்துக்குத் திரும்பினார். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப்போட்டியில் நைஜீரியாவுக்கு எதிராக ஐவரி கோஸ்டின் வெற்றி கோலை அடித்தவரும் அவர்தான். இதைச் சொல்லி முடித்ததும் அதுவரை நெளிந்துகொண்டிருந்த பையன்கள் நேராக உட்கார்ந்து கேட்கத் தொடங்குவார்கள்.

எப்படிப் பார்ப்பது? வெந்நீரில் குளித்து முடித்ததும் பை தளர்ந்திருக்கும். அப்போது ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பார்த்தால் போதும். ஒன்று கொஞ்சம் கீழே தொங்குவது இயல்பு, ஒன்று லேசாகப் பெரிதாக இருப்பதும் இயல்பு. பின்பக்கம் மிருதுவாகத் தண்டு மாதிரி கையில் படுவது விந்துக் குழாய்ச் சுருள், அதைக் கட்டி என்று நினைத்துக் கலங்க வேண்டாம். இது நமக்கு எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிட்டால், புதிதாக ஏதாவது வந்தால் தெரிந்துவிடும். சிறுவயதில் விதை கீழே இறங்காமல் இருந்து சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இடது பக்கம் பைக்குள் புழுக்கள் சுருண்டிருப்பது போலக் கையில் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் ரத்த நாளங்கள் வீங்கியிருப்பது, வெரிக்கோசீல் என்பார்கள். ஆண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு உண்டு. அவசரம் இல்லை, ஆனால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. எதுவாக இருந்தாலும் அது என்ன என்று சொல்வது மருத்துவரின் வேலை. நம் வேலை கொண்டுபோய்க் காட்டுவது.

அடுத்து இதயம். ஓட்டத்துக்கு நடுவில் மயங்கி விழுந்தவனை, வெயில், சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லித் தண்ணீர் தெளித்து மறுபடி ஆட அனுப்புவதை எத்தனையோ மைதானங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஆடி முடித்து நிற்கும்போது கண் இருட்டுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. இரண்டாவது இதயக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். 2003இல் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோஏ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தபோது வயது 28. இதயத் தசை தடித்துப்போகும் நோய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2021 ஜூனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சிக் கருவியால் உயிரை மீட்டார்கள். எட்டு மாதத்தில் அவர் திரும்பி வந்து விளையாடினார்.

அதனால் புதுப் பையன் சேரும்போதே நான் மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா? ஓடும்போது நெஞ்சு வலி, தாறுமாறான படபடப்பு வந்திருக்கிறதா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் பூட்ஸ் போட வேண்டும். பெற்றோர் சிலர் கோபப்படுவார்கள். படட்டும்.

எலும்பு வலியைப் பற்றியும் கொஞ்சம். வேகமாக உயரும் வயதில் முட்டிக்குக் கீழே முன்பக்கம் மேடு தட்டி வலிப்பது சகஜம், ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஆனால் முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு நொண்டி நடக்கும் பையன், அதிலும் உடல் கனத்த பையன் என்றால், பிரச்சினை இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுவது இந்த வயதில் வரும், அதன் வலி முட்டியில்தான் தெரியும். முட்டியை மட்டும் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலியும், முட்டிக்கு மேலோ கீழோ வீக்கமும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கனடாவின் டெரி ஃபாக்ஸ் கூடைப்பந்து ஆடிய பையன். 1976 கடைசியில் முட்டி வலித்தது, ஆட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தார். 1977 மார்ச்சில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்து வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். வயது பதினெட்டு. 1980இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியவர் அவர். "சீசன் முடியட்டும் சார்" என்று எந்தப் பையன் சொன்னாலும் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

தலையில் அடிபட்டால் எங்கள் மைதானத்தில் விவாதமே கிடையாது. குழம்பினாலோ, தலை வலித்தாலோ, கொஞ்சம் முன் நடந்தது நினைவில்லை என்றாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மூளை முழுதாக ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, இனி காத்திருக்கலாம் என்பவற்றுக்கு வருகிறேன். பையன்கள் உண்மையில் தூக்கத்தைத் தொலைப்பது இவற்றுக்காகத்தான்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் இல்லை. சுய இன்பமும் நோய் இல்லை. அதனால் எலும்பு உருகாது, நரம்பு தளராது, ஞாபக சக்தி போகாது, பின்னாளில் பிள்ளை பிறக்காமல் போகாது. விந்தணுக்கள் சேமித்து வைத்துத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. பருவம் வந்ததிலிருந்து முதுமைவரை உடம்பு அவற்றை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. ஒரு அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், தினமும் கோடிக்கணக்கில் உருவாகின்றன. இந்தப் பயத்தை வைத்து மருந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் பணம் கொடுத்த பையன்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்திருக்கிறது. பையனுக்கு அந்த விளம்பரம் போய்ச் சேரும் முன்பே வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டால் போதும், அந்த வியாபாரம் அங்கேயே நின்றுபோகும்.

அளவுக் கவலைக்கும் அதேதான். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கட்டுரையில் விறைத்த நிலையின் சராசரி 13 சென்டிமீட்டரை ஒட்டியே இருந்தது. ஆபாசப் படங்களில் தெரிவது தேர்ந்தெடுத்துக் காட்டப்படுவது. மேலிருந்து கீழே பார்க்கும்போது நம்முடையது சிறிதாகத் தெரிவது பார்வைக் கோணம். தவிர, வளர்ச்சி பதினெட்டு வயதுவாக்கில்தான் முடியும்.

என்னிடம் ஒரு பையன் எந்த வெயிலிலும் பனியனைக் கழற்றமாட்டான், உடை மாற்ற எல்லாரும் போன பிறகுதான் வருவான். மார்புக் காம்புக்குப் பின்னால் பொத்தான் அளவுக்கு மேடு. பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பருவத்தின் நடுவில் இது வந்துபோகிறது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. "எல்லாருக்குமா சார்?" என்றான். எல்லாருக்கும் இல்லை, ஆனால் உன் அணியிலேயே சிலருக்கு நிச்சயம் இருக்கும் என்றேன். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். வேகமாகப் பெரிதானால், ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால், நீர் கசிந்தால், ஏதாவது மருந்தோ ஊசியோ எடுத்த பிறகு வந்தால் காட்ட வேண்டும்.

தாமதமாக வளர்கிறவர்கள் பற்றி அம்மாக்கள் நிறையக் கேட்பார்கள். பையன்களுக்குப் பருவம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். மீசைக்கும் குரலுக்கும் முன்னால் விதை பெரிதாவதுதான் முதல் அடையாளம். 14 வயது முடிந்தும் அது தொடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அப்பாவும் தாமதமாக வளர்ந்தவர் என்றால் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

முன்தோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக் கழுவினால் போதும், வராததைப் பலவந்தமாக இழுக்கக் கூடாது. பின்னுக்குப் போன தோல் திரும்பி வராமல் இறுக்கி வீங்கினால் அது அவசரம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொடை இடுக்கில் அரிக்கும் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கித் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை முன்னிலும் அதிகமாகப் பரவும், தோலும் மெலிந்துபோகும். ஈர உள்ளாடையை உடனே மாற்றுவது, துண்டைப் பகிராமல் இருப்பது, பூஞ்சை மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் போடுவது, இவை போதும்.

இப்போது ஜிம். பதினேழு வயதில் ஒருவன் வந்து, "ஒரு ஊசி இருக்கு சார், மூணு மாசத்துல உடம்பு ஏறிடுமாம்" என்றான். திட்டினால் போய்ப் போட்டுக்கொள்வான் என்று தெரியும். உட்காரவைத்து விளக்கினேன். வெளியிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, போதுமான அளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு விதைக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும் அல்லது நின்றே போகும். ஊசியை நிறுத்திய பிறகும் அது திரும்ப மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மார்பு புடைக்கும், முகப்பரு வெடிக்கும், ரத்தக் கொழுப்பு கெடும், இதயம் பாதிக்கும். வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொண்டு உயரமும் அத்தோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் கேட்டவன், உயரம் நின்றுவிடும் என்ற இடத்தில்தான் அசைந்தான். எந்தக் காரணம் அசைத்தாலும் எனக்குச் சம்மதமே. உணவுத் துணைப்பொடிகளில் லேபிளில் சொல்லாத, தசை ஏற்றும் ஸ்டீராய்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதையும் சொல்லிவைத்தேன். எனர்ஜி ட்ரிங்குகள் விஷயத்திலும் கவனம் வேண்டும், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அவை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011இலேயே சொல்லிவிட்டது.

மனதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

15 முதல் 29 வயதுள்ளவர்களின் மரணத்துக்கான காரணங்களில் தற்கொலை உலக அளவில் மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களைவிட ஆண்கள் இரண்டு மடங்குக்கும் மேல் இப்படி இறக்கிறார்கள். மனநோய்களில் பாதிக்கு மேல் 25 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆனால் பையன்களிடம் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும். சண்டையாக வரும். வண்டியை வெறித்தனமாக ஓட்டுவதாக வரும். பயிற்சிக்கு வராமல் இருப்பதாக, எப்போதும் தூங்குவதாக, அல்லது தூங்கவே முடியாமல் போவதாக வரும். பெரியவர்கள் அதற்கு "திமிர்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் கோல்கீப்பர் ஒருவன், பத்தொன்பது வயது, அப்படித்தான் மாறினான். எல்லாரிடமும் எரிந்து விழுந்தான், தாமதமாக வந்தான், தன் விலை உயர்ந்த கையுறையைச் சின்னப் பையன் ஒருவனுக்கு சும்மா கொடுத்துவிட்டான். பிரியமான பொருளைத் தூக்கிக் கொடுப்பது அபாய அறிகுறி என்று படித்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம் வா என்று கூப்பிட்டேன். பையன்கள் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்தால் பேசமாட்டார்கள், பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். "தோணுது சார்" என்றான்.

அப்படி நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். விதைக்காது. ஆராய்ச்சிகளும் அதையே சொல்கின்றன. கேட்பதால் அவன் தனியாகச் சுமந்ததை இன்னொருவரும் அறிந்துகொள்கிறார், அவ்வளவுதான். அன்று நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, உனக்கென்ன குறை என்று கேட்கவில்லை, அப்பா அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. எப்போதிருந்து, எதாவது திட்டம் வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றான். அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வாக்கை யாரும் கொடுக்கக் கூடாது. "நாம சேர்ந்தே சொல்லலாம், நான் கூட இருக்கேன்" என்றேன். அன்றிரவே அவன் அண்ணனிடம் சொன்னோம். வீட்டில் இருந்த மாத்திரைகளை எடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன். இது சின்ன வேலையாகத் தெரியலாம், ஆனால் அந்தக் கணத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே நிறைய உயிர்களைக் காத்திருக்கிறது. மறுநாள் மனநல மருத்துவர். சிகிச்சை மாதக்கணக்கில் போனது, நல்ல நாளும் கெட்ட நாளுமாகத்தான் போனது. இப்போது பரவாயில்லை. மாத்திரை தொடர்கிறது, மருத்துவரைப் பார்ப்பதும் தொடர்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பையன் அவனாக இல்லை என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். தூக்கத்தையும் கவனியுங்கள். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது, அவர்களுக்கு இயல்பாகவே தூக்கம் தாமதமாகத்தான் வரும். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்குப் பதில் ராத்திரி போனை அறைக்கு வெளியே வைக்கப் பழக்குங்கள்.

பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்டால் வெட்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். வெட்கம் பாதிதான். மீதிப் பாதி, சொன்னால் எதையாவது இழந்துவிடுவோம் என்ற பயம். அணியில் இடம் போய்விடும், வெளியே விடமாட்டார்கள், கேலி செய்வார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் அணியில் ஒரு விதி வைத்திருக்கிறேன். வலியை வந்து சொன்னவனின் இடம் அவன் குணமாகி வரும்வரை அவனுக்கே. இதைச் சொல்வது சுலபம், முக்கியமான போட்டியில் கடைப்பிடிப்பது கஷ்டம். ஒரு அரையிறுதியில் நல்ல முன்கள வீரன் காலையில் வந்து, நேற்று ஓடும்போது நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது என்றான். உட்காரவைத்தோம், தோற்றோம். அவன் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அடுத்த போட்டியிலும் அவன் இடம் அவனுக்கு இருந்ததை மற்ற பையன்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பருவத்தில் என்னிடம் வந்து சொன்னவர்கள் அதற்கு முன் எப்போதையும்விட அதிகம்.

வீட்டிலும் இதையே செய்யலாம். பிரச்சினை வந்த பிறகு கேட்பதைவிட, வருவதற்கு முன் ஒரு சாதாரண நாளில் சொல்லிவைப்பது எளிது. "கீழே திடீர்னு வலிச்சா ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எழுப்பு, திட்டமாட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அப்பா சொன்னால் நல்லது, அம்மா சொன்னாலும், அண்ணன் சொன்னாலும் சரிதான். யாரும் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்காமல் மகனுக்காகவும் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வைரஸ் ஆண்களுக்குத் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது.

மருத்துவரிடம் அழைத்துப் போனால் கொஞ்ச நேரம் அவனைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். கூட இருக்கும்போது சொல்லாததைச் சொல்வான். பையன்களுக்கும் ஒன்று: வாய் வரவில்லை என்றால் போனில் டைப் செய்து காட்டுங்கள். "விதையில் வலி, காலை 5 மணியிலிருந்து" என்று இருந்தால் போதும். மிச்சத்தை மருத்துவர் கேட்டுக்கொள்வார்.